மஞ்சள் பென்சில் படாத அட்டை

நான்தான் தப்பாகப் பார்க்கிறேன். இன்னொரு முறை பார்த்தால் சரியாகிவிடும். குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று நாக்குக்குத் தெரிந்த பிறகும் இன்னொரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பதில்லையா, அப்படி. துப்பாக்கி இந்தப் பக்கம் இருக்கக்கூடாது. இருந்தால்தான் என்ன? எப்போதோ நடந்த சண்டை. ஓட்டியவன் இருக்கிறானோ இல்லையோ. அவன் மண்ணூர்பேட்டைக்கு வந்து கதவைத் தட்டி, என் விமானத்தை ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்கப் போகிறானா?

லோகநாயகி மஞ்சள் பென்சிலைக் கீழே வைத்தாள். வைத்தது தப்பு. சமையலறையில் இருந்த கணவன் உலகநாதனுக்கு அந்தச் சின்னச் சத்தம் கேட்டுவிட்டது.

“இன்னா நாயகி, பென்சிலு நின்னுடுச்சு?”

“பார்த்துகினு கீறேன்.”

“ஒரு அட்டைய எவ்ளோ நேரம் பாப்ப? கஜபதி வந்துடுவான்.”

ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட் தொழிற்சாலைகள் பக்கமிருந்து எந்தச் சத்தமும் இல்லை. மார்கழிக் காலை வெயில் ஜன்னல் வழியாக மேஜையில் பாதிவரை வந்து நின்றிருந்தது. அந்தப் பாதியில்தான் அட்டை இருந்தது. உலகநாதன் வரைந்து முடித்த புத்தகத்தின் அட்டை; நல்ல அட்டை. சாம்பல் நிறத்தில் மேகம், அதைக் கிழித்துக்கொண்டு மேலேறும் விமானம், மூக்கு வலப்பக்கம் பார்த்தபடி. மேலே பெரிய எழுத்தில் ‘சோவியத் போர் விமானங்கள்’. ஒரு சிறகின் நிழல் விமானத்தின் உடம்பிலேயே விழுவதைக்கூட விடாமல் வரைந்திருந்தான். மற்ற பக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்தபோதே அவளிடம் காட்டிவிட்டான். அட்டையையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் காட்டவில்லை. “அது கடைசியில” என்று சிரித்துக்கொண்டே மறைத்து வைத்திருந்தான்.

ஏன் மறைத்தான் என்று இன்று காலைதான் தெரிந்தது. அட்டையோடு சேர்த்து கடைசிப் பக்கத்தையும் கொண்டுவந்து வைத்தான். அதன் வலது கீழ்மூலையில், தொழிற்சாலை வரைபடங்களில் இருப்பதுபோலவே, கட்டம் கட்டி ஒரு பெட்டி. வரைந்தது: ம. உலகநாதன். அதன் கீழே, சரிபார்த்தது: உ. லோகநாயகி. அவள் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துக்கு வெற்றிடம்.

அவள் பெயர் இதுவரை எந்தப் புத்தகத்திலும் அச்சானதில்லை. கல்யாணப் பத்திரிகையில் வந்ததோடு சரி.

லேத் மெஷின் செய்யும் தொழிற்சாலையில், வரைபடப் பிரிவில் அவளுக்குச் சரிபார்க்கும் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தின் பிரதியை விரித்து, ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு அளவையும் மூலத்தோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் அதன்மேல் மஞ்சள் பென்சிலால் இழுக்க வேண்டும். தப்பென்றால் சிவப்பு. தாள் முழுக்க மஞ்சளாகும்வரை பெட்டியில் கையெழுத்துப் போடக்கூடாது. மேலதிகாரி அவசரப்படுத்துவார், பட்டறையிலிருந்து ஆள்மேல் ஆளாக வருவார்கள். போடக்கூடாது. உலகநாதனும் அதே தொழில்தான். பாடியில் ஒரு தொழிற்சாலையில் வரைவாளராக இருந்தான். சித்திரையில் அங்கே கதவடைப்பு. இன்னும் திறக்கவில்லை.

விமான ஆசை அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் வந்தது. ஆவடியில் குவார்ட்டர்ஸ் பக்கம் சோவியத் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்து நிற்கும். கனமான வழவழப்பான தாள், ஒரு சினிமா டிக்கெட் விலைதான். அப்படி வாங்கியதுதான் முதல் விமானப் புத்தகம். அப்புறம் நடைபாதைக் கடைகளில் இங்கிலாந்துப் புத்தகங்கள், அட்டை போனவை, பாதி கிழிந்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரே விமானத்தின் படத்தை இதில் பார், அதில் பார் என்று தப்புக் கண்டுபிடிப்பார்கள். மற்ற புது ஜோடிகள் பீச்சுக்குப் போனார்கள்.

ஒரு புத்தகத்தில் லா-5, லா-7 என்ற இரண்டு விமானங்களுக்கும் ஒரே படத்தைப் போட்டிருந்தார்கள். லா-5இன் பிற்கால வகையில் இயந்திரத்துக்குக் காற்று போகும் குழாய் மூக்கின் மேலே நீளமாகப் புடைத்திருக்கும், லா-7இல் அது சிறகின் அடிக்குப் போய்விட்டது என்று முதலில் பிடித்தவன் அவன்தான். அன்றைக்கு நாள் முழுக்க அவளிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நிறத்தில் எந்தப் புத்தகமும் ஒத்துப்போகாது. ஒன்றில் பச்சை, ஒன்றில் சாம்பல். சண்டை முடிந்து அருங்காட்சியகத்தில் வைக்கும்போது புது வர்ணம் அடித்துவிடுவார்கள், படம் போடுகிறவர் அதைப் பார்த்துப் போட்டுவிடுவார். ‘இந்த நிறம் நிச்சயமில்லை’ என்று அடியில் சின்னதாகப் போட்டிருந்த புத்தகம் ஒன்று உண்டு. அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

உலகநாதன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். மிளகாய்த்தூள் வாசனை வந்தது. கதவடைப்புக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவனுடையது.

“எப்பிடி கீது?”

“அழகா கீது.”

“அழகு இருக்கட்டும். மஞ்சளைக் காணோமே.”

“இந்த டிரேசிங் பேப்பர திருப்பிப் போட்டு எடுத்தீங்களா?”

“ஆமா. கஜபதிதான் சொன்னான். மூக்கு இந்தாண்ட பார்த்தா, அட்டையத் தொறக்கறவன்கூட விமானமும் உள்ள போற மாதிரி இருக்கும்னான். நம்பரையெல்லாம் மறுபடி நேரா எழுதிட்டேன். அது கூடவா தெரியாது எனக்கு?”

“நம்பரு சரியா கீது.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “துப்பாக்கி?”

அவன் குனிந்தான்.

அட்டையில் இருப்பது யாக்-9. அதன் மூக்கின்மேல் ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கிதான். அது விமானியின் இடது கைப் பக்கம். அந்தப் பக்கம் சின்னப் புடைப்பு இருக்கும், வலது பக்கம் வழவழவென்று இருக்கும். அவன் முதலில் வரைந்தது இடது பக்கத்தை. தாளைத் திருப்பியதும் அது வலது பக்கமாகிவிட்டது. புடைப்பும் கூடவே வந்துவிட்டது.

வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஓவியனாக இருந்தால் மறுபக்கத்தைப் புதிதாக வரைந்திருப்பான். வரைவாளன்தான் தாளைத் திருப்புவான். இடது பக்கத்துக்கான பிராக்கெட்டை வரைந்துவிட்டு, ‘வலது இதற்கு நேர்மாறு’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவர்கள் தொழிலில் வேலை முடிந்தது. கீல், கதவு, கைப்பிடி எல்லாம் ஜோடி ஜோடியாக, ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று. எத்தனையோ வருஷம் அப்படியே பார்த்துப் பழகிய கண். அவளுடைய கண்ணும் அதேதான். இன்று காலை முதல் பார்வையில் அவளுக்கும் தெரியவில்லை.

உலகநாதன் உள்ளே போனான். அலமாரியைத் திறக்கும் சத்தம். அடுப்பில் குழம்பு தளதளத்தது. திரும்பி வந்தவன் கையில் அட்டையில்லாத ஒரு புத்தகம். பக்கத்தைத் தேடி அவள் முன்னால் வைத்தான்.

“பாரு. இது படம் இல்ல, போட்டோ. யாக்-9தான. துப்பாக்கி எந்தப் பக்கம்?”

கறுப்பு வெள்ளைப் புகைப்படம். பனித்தரையில் விமானம், அதன்முன் சிறகில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு விமானி. புடைப்பு வலப்பக்கம் இருந்தது. தெளிவாக இருந்தது.

அவளுக்கு உள்ளே ஏதோ இளகிற்று. அப்படியானால் சரிதான். இரண்டு விதமாகவும் செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நாம் படித்தது கொஞ்சம்தானே. அவள் மஞ்சள் பென்சிலை எடுத்தே விட்டாள். எடுத்த பிறகு, கைவழக்கத்தில், படத்தின் மீதியையும் பார்த்தாள்.

விமானியின் கோட்டில் பித்தான்கள். நேற்றுத்தான் இவன் வெள்ளைச் சட்டைக்கு ஒரு பித்தான் தைத்தாள். ஆண்பிள்ளைச் சட்டையில் பித்தான் போட்டவனின் வலப்பக்கம் இருக்கும், காஜா இடப்பக்கம். இந்த ஆளுக்கு மாறி இருந்தது.

“படத்த மாத்திப் போட்டுட்டாங்க” என்றாள். “நெகடிவ் திரும்பிக்கிச்சு. பித்தானைப் பாருங்க.”

அவன் பார்த்தான். தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தான்.

“அவுங்க ஊர்ல பொம்பளைங்களும் சண்டை விமானம் ஓட்னாங்க தெரியுமில்ல? பொம்பளைக் கோட்டா இருக்கும்.”

“மீசை வச்சிகினா?”

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இப்படிச் சிரித்து மாதக்கணக்காகிறது. சிரிப்பு அடங்கியபோது இருவரும் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது.

“மாமே! ரெடியா? தங்கச்சி, டீ கீதா, இல்ல இன்னிக்கும் இவன் போட்ட சுடுதண்ணியா?” கஜபதி செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசினான். உலகநாதனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், எஸ்டேட்டில் அச்சகம் வைத்திருக்கிறான். “கடைசிப் பக்கத்த மட்டும் குடுத்துட்டா நாளைக்குக் காலைல மெஷின்ல ஏத்திடுவேன். இன்னாடா, எழவு ஊடு மாதிரி நிக்கிறீங்க?”

உலகநாதன் துப்பாக்கி பக்கம் மாறியதைச் சொன்னான். கஜபதி அட்டையைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

“இவ்ளோதானா? எந்தப் பக்கம் இருந்தா இன்னா மச்சான், சுட்டா சரி.”

யாரும் சிரிக்கவில்லை.

“தோ பாரு. அட்டைக்குப் பிலிம் எல்லாம் எடுத்தாச்சு. புதுசா வரையணும், மறுபடி பிலிம் எடுக்கணும்னா, அதுக்குள்ள பொங்கல் காலண்டர் வந்து மெஷின்ல உக்காந்துக்கும். புத்தகக் கண்காட்சி போச்சு. அப்பறம் மாசியிலதான். மாசியில வெளிய வந்தா எந்தக் கடைக்காரன் எடுத்துப்பான் சொல்லு?” அவன் குரல் தணிந்தது. “தங்கச்சிக்கு மனசு ஒப்பலன்னா அந்தப் பெட்டியத் தூக்கிடலாம். சரிபார்த்தது, பார்க்காதது, எந்த புக்குல போடறாங்க? எவனும் கேக்கமாட்டான்.”

“பெட்டிய எடுக்கறதுன்னா புக்கே வேணாம்” என்றான் உலகநாதன்.

“இன்னாடா இது.”

“அவ பேரு இல்லாம எனக்கு இன்னாத்துக்குடா புக்கு?”

கஜபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “நான் வெளிய நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். டீயை அவனும் மறந்துவிட்டான்.

உலகநாதன் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். வரைபடப் பேனாவின் மூடியைத் திருகிக் கழற்றி, பேனாவை அவள் பக்கம் நீட்டினான். அவன் விரல் நகங்களில் மஞ்சள்தூள் ஏறியிருந்தது.

“போடு நாயகி. புடைப்பு எந்தப் பக்கம்னு இந்த ஊர்ல உனக்கும் எனக்கும்தான் தெரியும்.”

அவள் பார்வை பேனாவைத் தாண்டிப் பெட்டிக்குப் போயிற்று.

“ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் என் கொழம்பைத் தின்னுட்டு நல்லா கீதுன்னு சொல்றல்ல? அது பொய்யின்னு எனக்குத் தெரியாதா? அதுக்குச் சொல்ற. இதுக்கும் ஒண்ணு சொல்லேன்.”

அவன் குறையாகச் சொல்லவில்லை. கெஞ்சலும் இல்லை. கொடுத்துக்கொண்டே இருப்பவளிடம் இன்னும் கொஞ்சம் கேட்பதுபோல இயல்பாகக் கேட்டான். அதுதான் அவளுக்கு வலித்தது.

தெரிந்திருக்கிறது. குழம்பு மட்டுமா? தீபாவளிக்குள் திறந்துவிடுவார்கள் என்று அவன் சொன்னபோது ஆமாம் என்றாள். இளைக்கவே இல்லை என்றாள். வீட்டில் இருப்பது எனக்கு ஒத்தாசையாகத்தான் இருக்கிறது என்றாள். எல்லாவற்றையும் அவன் தலையாட்டி வாங்கிக்கொண்டு, பொய் என்று தெரிந்தே எங்கேயோ அடுக்கி வைத்திருக்கிறான். ஆனால் ஒவ்வொரு பக்கமாக அவள் மஞ்சள் இழுத்தபோது மட்டும் மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றான். முழுத் தாளும் மஞ்சளான நாட்களில் குப்புறப் படுத்து நன்றாகத் தூங்கினான். கதவடைப்புக்குப் பிறகு அவன் தூங்கிய தூக்கங்கள் அவைதான்.

இந்த அட்டையில் இழுத்துவிட்டால், உள்ளே இருக்கும் மஞ்சளெல்லாம் என்னவாகும்? இன்றைக்கு அவனுக்கு ஒன்றும் தோன்றாது. என்றைக்காவது ஒரு நாள், கண்காட்சியெல்லாம் முடிந்த பிறகு, சும்மா புரட்டிக்கொண்டிருக்கும்போது, லா-7 பக்கத்தில் நிறுத்தி யோசிப்பான். இதற்கும் இரக்கப்பட்டுத்தான் போட்டாளோ என்று.

நீட்டிய கை அப்படியே இருந்தது. பேனாவின் முனையில் மை ஒரு கடுகளவு திரண்டு நின்றது. பெட்டியில் அவள் பெயரை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதியிருந்தான். எழுத்தின் உயரம் மாறக்கூடாது என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தே செய்திருக்கிறான்.

அவள் அந்தப் பேனாவை வாங்கினாள். அவன் முகம் தெளிவதைப் பார்க்காமல் இருக்கக் குனிந்து மூடியைத் தேடினாள். அது புத்தகத்தின் அடியில் உருண்டிருந்தது.

“உள்ள இருக்கறதெல்லாம் நெஜமாவே சரிங்க” என்றாள். “ஒண்ணுகூட சும்மா இழுக்கல.”

மூடியைப் பேனாவில் வைத்து, மை கசியாதபடி இறுகத் திருகினாள்.

“இதுல நான் போடமாட்டேன்.”