காலண்டருக்குத் தெரியாத உடம்பு

வெள்ளைப் பாவாடையில் சிவப்பு, உள்ளங்கை அகலத்துக்கு, கோவில்பட்டிக் கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில் வடிவு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது, அடிப்பாவி, இன்னைக்கா, என்று அம்மா சொர்ணம் கதவைத் தாழிடுகிறாள், போன மாசத் தேதிய காலண்டர்ல பார்த்து, தள்ளித்தானே முகூர்த்தம் குறிக்கச் சொன்னேன், என்று தலையில் அடித்துக்கொள்கிறாள், பாவம் அம்மா, மாதா மாதம் ஒரே தேதிக்கு வந்து நிற்க இது என்ன கேபிள்காரனா, வடிவுக்குச் சிரிப்பு வருகிறது, சிரிப்போடு பத்தாம் வகுப்பும் வருகிறது, அந்தப் பாடம் வந்ததும் டீச்சர், வீட்ல படிச்சுக்கோங்க என்று பக்கத்தைத் தள்ளிவிடுகிறார், துணி காயும் மாடியில் அவள் தானே படிக்கிறாள், கருப்பை ஒரு குழந்தைக்காக மெத்தை விரித்து வைக்கிறது, யாரும் வரவில்லையென்றால் கலைத்துவிட்டு மறுபடி விரிக்கிறது, மனசு அலைந்தால் முன்னேயும் வரும் பின்னேயும் வரும், அட, இவ்வளவுதானா, இதற்கா காக்கா தொட்டுட்டு என்று மூலையில் உட்கார வைத்தார்கள், அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

வாயத் திறக்காதட்டி, தாலி ஏறட்டும், சம்பந்தக்காரிக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுரும், சொல்லும்போதே அம்மா தாழை மறுபடி அழுத்திப் பார்க்கிறாள், ஆயுசு முழுக்கப் பயந்த கை, இன்றைக்கு ஒளித்தால் நாளைக்குத் தன் கையும் இப்படித்தான் தாழைத் தேடும், வடிவு வேறு பாவாடை மாற்றிச் சேலையை இழுத்துக் கட்டுகிறாள், கதவு தட்டப்படுகிறது, மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மாள், என்ன, இன்னும் கெளம்பலையா, வடிவு தாழைத் திறந்தாள், அத்தை, எனக்கு இன்னைக்கு வந்திருக்கு, சுத்தமாத்தான் இருக்கேன், மேடைக்கு வாரேன்.

பேச்சியம்மாள் முகம் இருண்டது, நாள் கேட்டுத்தானே குறிச்சோம், என்னத்தப் பாத்தீக, என்று சொர்ணத்தின் மேல் பாய்ந்தாள், அம்மாவ ஏசாதீங்க அத்தை, காலண்டருக்கு என் உடம்பு தெரியுமா, வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, மாலைய நானே கழட்டி வைக்கேன், சொல்லிவிட்டாளே தவிர உள்ளுக்குள் உயிர் போய் உயிர் வருகிறது, பேச்சியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள், என் கல்யாணத்துக்கு நாள் தள்ள மாத்திரையப் போட்டு மேடையிலயே மயங்கி விழுந்தேன்ட்டி, ஒருத்தர்ட்டயும் சொல்லல, என்றாள், வடிவின் தோளில் மாலையை நேராக்கிவிட்டாள், சரி வா, நேரமாகுது.

கெட்டிமேளம் முழங்குகிறது, அடிவயிற்றில் சுருக்கென்று வலிக்கிறது, வலியோடு வலியாக ஒரு சந்தோஷமும் பொங்குகிறது, ஒளிக்க ஒன்றுமில்லாத சந்தோஷம், ஜெயித்துவிட்டேன் ஜெயித்துவிட்டேன் என்று மேளம் அவளுக்காகவே அடிக்கிறது, பொண்ணு, தாலி கட்டணும், தலையக் குனிம்மா, என்று யாரோ சொல்கிறார்கள், பழக்கத்தில் அவள் குனியப் போகிறாள், கூட்டத்தில் ஒருநாளும் குரல் உயர்த்தாத அம்மா பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள், குனியாதட்டி, நிமிர்ந்தே இரு, மாப்பிள்ளைக்கு எட்டும்.