வீராயி கண் எழுதிய பொம்மைகள்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் வீராயி கண் எழுதிய பொம்மைகள் எல்லாம், அவள் எந்தப் பக்கம் இருக்கிறாளோ அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதை முதலில் பார்த்தவர் அவளை வேலைக்கு வைத்திருந்த பொம்மை யூனிட் முதலாளி ஆதிநாராயணன். இரண்டாயிரமாம் வருஷம், நவராத்திரிக்கு முன்னால், கண் எழுதிக் காயவைத்த செட்டியார் பொம்மைகள் அத்தனையும் அவள் தண்ணி குடிக்கப் போனால் குழாய்ப் பக்கமும், சாப்பிடப் போனால் மரத்தடிப் பக்கமும் திரும்பின. தரை மட்டமில்லை போலிருக்கிறது என்று கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிப் பார்த்தார். பொம்மைகள் கேட்கவில்லை. கொலுவில் வைத்த பொம்மை தெற்கே திரும்பி நிற்கிறதே என்று மெட்ராஸிலிருந்து புகார் வந்தது. மண்ணில் ஈரம் இருந்தால் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும் என்று அடித்துவிட்டார். சூளையில் வெந்த மண்ணுக்கு ஏது ஈரம்! வாங்கினவர்களும் சரி என்று போனை வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷமும் அவரிடமே வாங்கினார்கள்.

வீராயி கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் காத்தவராயன் பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்தான். பூர்ணிமா என்று ஒரே பெண். காத்தவராயன் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சந்தேகம் மட்டும் படுவான். அவள் சிரித்தால் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்பான், சிரிக்காமல் இருந்தால் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பான். பொம்மை சமாசாரத்தை எதிர்வீட்டுப் பூவாயி சொன்னபோது அவன் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. வேறு ஆளாயிருந்தால் கற்பூரம் காட்டியிருப்பான். இவன், மகள் விளையாடட்டும் என்று வீராயி கொண்டுவந்து போட்டிருந்த கழிவுப் பொம்மைகளில் கை உடைந்த போலீஸ்காரனைப் பொறுக்கி எடுத்துப் போய்க் கடையில் டூல்ஸ் பெட்டி மேல் வைத்துக்கொண்டான். பெட்டி மேலேயே சாக்பீஸால் கோடு கிழித்து, யூனிட்டு இந்தப் பக்கம், வூடு இந்தப் பக்கம், மார்க்கெட்டு இந்தப் பக்கம் என்று எழுதியும் வைத்தான். பஞ்சர் ஒட்டிக்கொண்டே அந்தப் போலீஸ்காரனை ஒரு கண் பார்த்துக்கொள்வான். அவளுக்கும் இது தெரியும். “பாத்துட்டுப் போவட்டும் அக்கா. நான் எங்க போயிடப் போறேன்” என்று பூவாயியிடம் சொல்லிச் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பையும் பூவாயி அவனிடம் சொல்லிவிட்டாள்.

இரண்டாயிரத்து நாலில், யூனிட்டில் கரண்ட் இல்லாத ஒரு நாள், போலீஸ்காரன் கோடே போடாத மேற்குப் பக்கம் திரும்பினான். மேற்கே என்ன இருக்கிறது? வேப்பூர். மெட்ராஸ் திருச்சி ரோடு, ஓட்டலு, லாரி, ஊர் பேர் தெரியாத ஆம்பளைங்க. காத்தவராயன் பஞ்சரைப் பாதியில் விட்டான். கடையைச் சாத்தி, பொம்மையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான். வேப்பூரில் இறங்கித் துண்டை விலக்கினால், போலீஸ்காரன் முகத்தைத் திருப்பி ஒரு டீக்கடையைக் காட்டினான். அங்கே பெஞ்சில் வீராயி உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு, போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. இவன் அங்கே நிறுத்தியிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவள் யாருக்காக வந்திருக்கிறாளோ அந்த ஆள் வருவான் வருவான் என்று காத்துக் கிடந்தான். அவள் இன்னொரு டீ வாங்கிக் குடித்தாள். எவனும் வரவில்லை. எழுந்து புடவையை உதறிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். அத்தோடு சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. ஆள் வரவில்லை என்றால் ஆளுக்கு யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் காத்தவராயன் வீடு திரும்பினான்.

அன்றைக்கு நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது. “டீ குடிக்க அம்மாந்தூரமாடி போவ? பாலக்கரையில டீ விக்கலயா?” என்று கத்தினான். வீராயி கத்தவில்லை. “யாரும் என்னைக் கூப்புடாத எடமா கொஞ்ச நேரம் உக்காந்திருக்கணும்னு இருந்துது, போனேன். வேற ஒண்ணுமில்லீங்க. நம்புறேன்னு ஒரு தரம் சொல்லுங்க, எனக்கு அது போதும்” என்றாள். அவன் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னால், தெருவே அவன் பக்கம்தான் இருந்தது. ஒரு பொம்பளை துணையில்லாமல் பஸ் ஏறிப் போய் சும்மா டீ குடித்துவிட்டு வந்தாள் என்பதை நம்புவதைவிட, பொம்மை கழுத்தைத் திருப்பும் என்பதை நம்புவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தோம்.

அவள் போவதை நிறுத்தவில்லை. எப்போதாவது மனசு கனத்தால் போவாள். அவனும் போலீஸ்காரனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் ஏதாவதொரு லாரி மறைவில் நிற்பான். டீக்கடைக்காரர் மாறினார், பெஞ்சு மாறியது, வர வேண்டிய ஆள் மட்டும் வரவேயில்லை. பூர்ணிமா பன்னிரண்டாவது முடித்து நர்ஸிங் சேர்ந்தாள். திரும்பும்போதெல்லாம் வீராயி புருஷன் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். இன்றைக்காவது சொல்லுவானா என்றுதான். அவன் பெடலுக்கு எண்ணெய் விடப் போய்விடுவான்.

இரண்டாயிரத்து ஏழு ஆவணியில், ஒரு பொம்மைக்கு ஒரு கண்ணை எழுதிவிட்டு மறுகண்ணுக்குப் பிரஷ்ஷை மையில் தொட்டவள், அப்படியே மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். மணிமுத்தாற்றங்கரையில் புதைத்தோம். பொம்மைகள் இனி ஆற்றங்கரையைப் பார்க்கும் என்று ஊரே நினைத்திருந்தது. காத்தவராயன் வீட்டு அலமாரியில் இருந்த கழிவுப் பொம்மைகளில் ஒன்று ஜங்ஷனைப் பார்த்தது, ஒன்று சேத்தியாத்தோப்புப் பக்கம் பார்த்தது, ஒன்று அண்ணாந்து கூரையைப் பார்த்தது. இரண்டு பொம்மை ஒரே பக்கம் பார்க்கவில்லை. “செத்தும் டிமிக்கி குடுத்துட்டாளே” என்று தலையில் அடித்துக்கொண்டான் காத்தவராயன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போலீஸ்காரனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். சேத்தியாத்தோப்புக்குப் போனால் அது வெள்ளாற்றுக்கு அக்கரையைக் காட்டும், அக்கரைக்குப் போனால் வந்த வழியைக் காட்டும். கடைப் பூட்டு துருப்பிடிக்கும் வரை அலைந்தான், பாவம். அவளைத் தேடினானா, அந்த ஆளைத் தேடினானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

அலைந்து ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பொம்மைகள் எல்லாப் பக்கமும் பார்த்தன, அவன் இருக்கும் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அவன் இடம் மாறினால், அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பொம்மை மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. இரண்டாயிரத்து ஒன்பது பொங்கல் முடிந்த மறுவாரம், பூர்ணிமா சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் அலமாரிக்கு முன்னால் போய் நின்றான். “டீ குடிக்கத்தான் போன. நான் நம்புறேன் வீராயி” என்றான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடச் செய்யாமல் நின்றான். ஒரு பொம்மையும் அவன் பக்கம் திரும்பவில்லை.

பூர்ணிமா வடிதட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து அப்பன் தோளைத் தொட்டாள். “நீ நடுவுல நிக்கிறப்பா. ஒன்னைப் பாக்காம இருக்கறதுக்கு அதுங்க எவ்ளோ கஷ்டப்படுதுங்க பாரு. அந்தக் கதவாண்ட போய் உக்காரு, சோறு போடறேன்” என்றாள். அவன் சரிம்மா என்று சொல்லிக் கதவோரம் போய் உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டான். அந்த வீட்டில் இன்றைக்கும் அவனுக்கு அங்கேதான் சோறு போடுகிறார்கள்.