ஏழு மணி மிஸ்டு கால்

மறுபடியும் கட் பண்ணிவிட்டார். ஒரு ரிங் முழுசாகப் போவதற்குள் டொக்கென்று வெட்டிவிட்டார். காலையிலிருந்து இது ஏழாவது தடவை. குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் நின்றுகொண்டு போனை முறைத்துப் பார்த்தேன். காட்டுக்குள் எட்டுப் பேர் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு, மரவள்ளியை ஜவ்வரிசியாக்கும் சேகோ மில்லின் லாரி வந்துவிடும். லாரி வரும்போது நான் அங்கே இருந்தாக வேண்டும். எனக்கோ கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வரப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"ஏனம்மணி, காலங்காத்தால யாருக்கு இத்தனை போனு?" என்று தண்ணீர்க் குடத்தோடு வந்த என் மாமியார் சென்னியம்மாள் கேட்டார்.

"உங்க மவனுக்குத்தானுங்க அத்தை."

"இந்நேரத்துக்கா? அவன்தான் சாயங்காலம் ஏழு மணிக்கு அடிப்பானில்ல? ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

"ஒண்ணும் ஆவலீங்க" என்றேன். அதுதான் என் சங்கடமே. ஒன்றும் ஆகவில்லை. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போயிருந்தால், ஊரே சேர்ந்து அவருக்கு போன் போட்டுக் கொடுத்திருக்கும்.

என் வீட்டுக்காரர் தமிழரசு தான்சானியாவில் இருக்கிறார். போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டு முதலாளி ஒருத்தர் அங்கே வண்டிகளை இறக்கி, இங்கிருந்தே ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருசம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை வந்துபோனார். வேலை பெரும்பாலும் காட்டுப்பக்கம். அங்கே நெட் கிடையாது. பெரிய போனைத் தங்குகிற டேராவில் பையில் போட்டு வைத்துவிட்டு, பட்டன் போனைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதில் பேசினால் காசு பறக்கும். அதனால் நாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் ஏழு மணிக்கு அவர் ஒரு ரிங் விடுவார். நான் எடுக்கக் கூடாது, உடனே கட் பண்ண வேண்டும். அவர் நன்றாக இருக்கிறார், நாங்களும் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். சில நாள் நான் முந்திக்கொண்டு அடிப்பேன், அவர் கட் பண்ணுவார். இரண்டு ரிங் விட்டால், ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் நெட்டில் கூப்பிடுகிறேன் என்பது சேதி. எனக்குக் கோபம் என்றால் கட் பண்ணாமல் முழுசாக அடித்து ஓய விடுவேன். அதற்குள் அந்தப் பக்கம் அவருக்கு வேர்த்துவிடுமாம்.

ஆறு வருசமாகப் பைசா செலவில்லாமல் இப்படிக் குடும்பம் நடத்தினோம். எங்கள் சாமர்த்தியத்தை ஊரில் மெச்சாத ஆளில்லை. 'தனப்பிரியாவைப் பாத்துக் கத்துக்கோணும்' என்று என் நாத்தனார் தன் மருமகளிடம் சொல்லுமளவுக்குப் பேர் எடுத்துவிட்டேன். அந்தப் பேரைத் தூக்கிக் குப்பையில் போடலாம்போல இப்போது எரிச்சலாக வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் டவுனுக்கு வந்து வீடியோவில் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் வீடியோ கால் என்றால் அது பொதுச்சொத்து. போனை மிக்ஸியின்மேல் சாய்த்து வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்கள். முன்வரிசையில் மாமியார், மடியில் ஏறிக்கொண்டு மகள் அறிவுமதி, பின்னால் மாமனார், வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள். நான் அடுப்படியில் நின்று தலையை மட்டும் நீட்டுவேன். அன்றைக்கு அவர் சொன்னார், "வர்ற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளி டேராவுக்கு வாராரு. ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடோணும். போடறவங்க இருக்கலாம், போடாதவங்களுக்கு டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிருவாரு. தனம், நீ என்ன சொல்ற?"

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. வாசலில் நின்றவர்கள்கூடக் கழுத்தை நீட்டினார்கள். அத்தனை பேர் நடுவில் என்னத்தைச் சொல்வது? பனிரெண்டு வருசக் கல்யாணத்தில் ஆறு வருசம் அவரை ரிங்காகவே கேட்டுவிட்டேன், இனி முடியாது என்றா? ராத்திரி திரும்பிப் படுக்கும்போது கை காலியான இடத்தில் விழுகிறது என்றா? "உங்க இஷ்டமுங்க" என்றேன். சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டினேன். அவர் "செரி" என்றார்.

அன்றிலிருந்து ஐந்து நாளாக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். 'கையெழுத்துப் போட வேண்டாம், வந்துவிடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பெரிய போன்தான் பையில் தூங்குகிறதே. பட்டன் போனுக்கு மெசேஜ் விட்டேன். அந்த ஊர் சிம்காரன் விளம்பரமாக அனுப்பி நிரப்பி வைத்திருப்பதால் அவர் மெசேஜைத் திறப்பதே இல்லை. சாயங்கால ரிங் வந்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எடுத்து வாயைத் திறப்பதற்குள் அவரே கட் பண்ணிவிடுகிறார். காசு போய்விடக் கூடாது என்று அவ்வளவு பழகிய கை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நம் கணக்குக்குப் பனிரெண்டரைக்கு முதலாளி பேனாவை நீட்டிவிடுவார்.

எட்டாவது தடவை அடித்தேன். கட். அந்தப் பக்கம் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலையிலேயே பெண்டாட்டிக்கு நம் நினைப்பு வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே கட் பண்ணியிருப்பார். அடப்பாவி மனுசா, எடுத்துத் தொலை!

போனை இடுப்பில் சொருகிக்கொண்டு மொபெட்டை எடுத்தேன்.

"எங்கம்மணி போற? லாரி வந்துருமே!" என்று மாமியார் பின்னாலேயே ஓடி வந்தார்.

"நீங்க பாத்துக்கங்க அத்தை, வாரேன்" என்று சொல்லிவிட்டு ராசிபுரம் ரோட்டில் விட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தீர்த்தகிரி அண்ணன் போன் கடை வைத்திருக்கிறார். மலேசியா, துபாய், ஆப்பிரிக்கா என்று எங்கே ஆள் இருந்தாலும் மலிவாகப் பேச அவரிடம் ஒரு வழி இருக்கும். கடையில் கூட்டம். போன் கண்ணாடி மாற்ற வந்த இரண்டு காலேஜ் பெண்கள், ரீசார்ஜுக்கு ஒரு பெரியவர், ஸ்டூலில் தினசரியோடு ஒரு டிரைவர். நான் விசயத்தைச் சொல்லவில்லை. அவசரமாகப் பேச வேண்டும், அவர் எடுக்க மாட்டேன் என்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

"ஏந்தங்கச்சி, சண்டையா?" என்றார்.

"சண்டையின்னாத்தான் எடுத்துருவாருங்களே."

அண்ணன் சிரித்துக்கொண்டே என் போனில் ஒரு ஆப்பை ஏற்றினார். நூறு ரூபாய் போட்டால் தான்சானியாவுக்கு ஏழு நிமிசம் பேசலாமாம். அந்தப் பக்கம் நெட்டே வேண்டாமாம், பட்டன் போனிலும் அடிக்குமாம். கேட்கவே குளுகுளுவென்று இருந்தது. நம்பரைப் போட்டேன். நாலு ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை கட்.

"இதுல கூப்புட்டா அங்க உங்க நம்பரு தெரியாது தங்கச்சி. ஏதோ வெளிநாட்டு நம்பராட்டத் தெரியும்" என்றார் அண்ணன்.

அப்படியே தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு வருசத்துக்கு முன்னால் தெரியாத நம்பரிலிருந்து வந்த மிஸ்டு காலுக்கு அவர் திருப்பிக் கூப்பிட்டு, போனிலிருந்த காசு மொத்தமும் போனது. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. 'இனிமேல் தெரியாத நம்பரைத் தொட்டீங்கன்னா பாருங்க' என்று சத்தியம் வாங்காத குறை. மனுசன் என் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்கிறார். என் நம்பர் என்றால் ஆசையில் கட் பண்ணுகிறார், வேறு நம்பர் என்றால் எனக்குப் பயந்து கட் பண்ணுகிறார். இரண்டு கதவையும் நானேதான் சாத்தி வைத்திருக்கிறேன்.

மணி பதினொன்றே முக்கால். லாரி வந்திருக்கும், மாமியார் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். இன்னொரு வழி இருந்தது. அதைத்தான் காலையிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். டேராவில் சமைக்கிற கருப்பண்ணன், எங்கள் பக்கத்துப் பையன், எந்த நம்பர் வந்தாலும் எடுப்பான். போன வருசம் அவருக்கு மலேரியா வந்தபோது அவன்தான் எனக்குச் சொன்னான். ஆனால் அவன் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கும். அவனுக்குத் தெரிந்தால் டேராவுக்கே தெரியும். அத்தனை பேரும் திருச்செங்கோடு, ராசிபுரம், குமாரபாளையத்து ஆட்கள். ஒருத்தன் அம்மாவிடம் சொல்வான், இன்னொருத்தன் பெண்டாட்டியிடம் சொல்வான். புருசன் வேணுமின்னு ஆப்பிரிக்காவுக்கு போன் போட்டவள் என்று வருசக்கணக்கில் சிரிப்பார்கள். மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது? என்ன குறை வைத்தோம் என்று கேட்டால் என்ன சொல்வேன்? ஒரு குறையுமில்லை. வீடு இருக்கிறது, காடு இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

சிரிக்கட்டும். நம்பரைப் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"அலோ, யாருங்க?"

"கருப்பண்ணா, நான் தனப்பிரியா."

"அய்யோ, அக்கா! யாருக்கு என்னாச்சு? சென்னியம்மா ஆத்தாவுக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல சாமி. மொதலாளி வந்துட்டாரா?"

"இல்லீங்கக்கா, இப்பத்தான் வந்துக்கிட்டிருக்காராம்."

"உங்கண்ணங்கிட்டப் போனைக் குடு. ஓடு!"

ஓடினான். மூச்சு வாங்குவது கேட்டது, கரண்டியோ எதுவோ டங்கென்று விழுந்தது, பிறகு கம்ப்ரசர் சத்தம் மெல்லப் பெரிதாகிப் பெரிதாகிக் காதை அடைத்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. ஐந்து நாள் கழித்துக் கேட்கிற குரல். நான் நிற்கிற இடம் மறந்துபோனது.

"அம்மாவுக்கா? புள்ளைக்கா? என்னாச்சு, சொல்லு!"

"எல்லாரும் நல்லாருக்காங்க!"

"என்னது?"

"நல்லாருக்கோமுங்க!"

"அப்பறம் எதுக்குப் புள்ள போனு? காசு போவுது, வையி!"

"வெக்காதீங்க!" என்று கத்தினேன். ரீசார்ஜுக்கு வந்த பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "வெச்சுப்புடாதீங்க! கையெழுத்துப் போடாதீங்க!"

"கேக்கல! கையில என்ன?"

"கையெழுத்து! போட வேண்டாம்! ஊட்டுக்கு வாங்க! எனக்கு நீங்க வேணும்! ஆறு வருசமாச்சு, எனக்கு நீங்க வேணுமுங்க!"

சொல்லிவிட்டேன். கடைத்தெருவுக்கே கேட்டிருக்கும். காலேஜ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டிரைவர் தினசரியைத் தாழ்த்திப் பார்த்தார். தீர்த்தகிரி அண்ணன் குனிந்து, கீழே எதையோ தேடுகிறவர் மாதிரி இருந்தார். முகமெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல் கொதித்தது.

"ஒண்ணுமே கேக்கல தனம்!" என்றார் அவர்.

அப்புறம் போனை விட்டுத் தள்ளி, வேறு யாரிடமோ கத்தினார். "வண்டிய நிறுத்துறா!"

"அண்ணா, அம்பதாவது ராடு எறங்குதுண்ணா!"

"நிறுத்துங்கறேன்ல!"

ரிக்குக்காரருக்கு வாக்கப்பட்டவள் நான். போர் இறங்கிக்கொண்டிருக்கும்போது பாதியில் கம்ப்ரசர் காற்றை நிறுத்தக் கூடாது. மேலே வரவேண்டிய மண்ணும் கல்தூளும் குழிக்குள்ளேயே உட்கார்ந்து, அடியில் பாறையை உடைக்கிற ஹேமரைக் கவ்விக்கொள்ளும். மாட்டினால் மாட்டியதுதான், அந்தக் குழியையே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். முதலாளி வந்து இறங்குகிற நேரம் வேறு. வேண்டாம், நிறுத்தாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெரிய இரைச்சல் தேய்ந்து, புஸ்ஸென்று ஒருமுறை காற்றை விட்டு, அடங்கிப்போனது.

"இப்பச் சொல்லு" என்றார்.

கத்தும்போது சுலபமாக இருந்தது. இப்போது இந்தப் பக்கம் கடை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் ஸ்பீக்கரைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்களோ. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"ஊட்டுக்கு வந்துருங்க" என்றேன். "காரணமெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

காசு போகுதென்று அவர் போனைக் கட் பண்ணவில்லை. அங்கே நம் ஊரில் கேட்காத ஏதோ ஒரு குருவி விட்டு விட்டுக் கத்தியது. நின்றுபோன வண்டியில் எங்கோ சூடு ஆறி இரும்பு டிக் டிக்கென்றது. அதற்கு நடுவில், வெகு பக்கத்தில், அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.