உட்பக்கம் பார்க்காத தோல்

தோல் வேலையைப் பற்றி இர்ஷானாவிடம் வாயைக் கொடுத்தால் லேசில் தப்ப முடியாது. காத்தான்குடியில் வாவிக்கரைப் பக்கமாக இருந்த வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அவள் பர்ஸும் கைப்பையும் செருப்பு வாரும் செய்து விற்றாள். செய்தோமா விற்றோமா என்று இருக்கிற ஆளில்லை. தன்னைப்போல வீட்டிலிருந்து செய்ய ஆசைப்பட்ட நாற்பது ஐம்பது பெண்களுக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பிப் படிப்பித்தும் வந்தாள். படிப்பித்தாள் என்பதைவிட ஏசினாள் என்றால் பொருந்தும்.

"தோல வெயில்ல காயப் போடாதீங்க, வெடிச்சிரும். நிழல்ல காத்துப்படப் போடுங்க. தேங்காண்ணய அள்ளிப் பூசாதீங்க. நம்முட வாவிக் காத்துக்கு ஒரு கிழமையில பூஞ்சணம் புடிச்சிரும், மறுகா என்னக் குறை சொல்லப்படாது."

தையல் துளைகள் ஒரே இடைவெளியில் விழுவதற்குச் சாப்பாட்டு முள்ளுக்கரண்டியை அழுத்தி அடையாளம் வைக்கலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஆனால் திரும்பத் திரும்ப அவள் சொன்னது ஒன்றைத்தான். தோலை வாங்குமுன் உட்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். மேற்பக்கத்தில் சாயமும் பூச்சும் போட்டு எதையும் மறைத்துவிடலாம். உட்பக்கத்தில் மறைக்க முடியாது. மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூடிக் கிடந்தால் அது பன்றித் தோல். என்னதான் பதனிட்டாலும் மார்க்கத்தில் அது சுத்தமாகாது. "வெளிநாட்டுச் சாமான் எண்டதும் வாயப் பொளந்துகொண்டு வாங்குறதில்ல. புரட்டிப் பாருங்க," என்பாள்.

மார்ச் மாதத்தோடு அந்தக் குரல்பதிவுகள் நின்றுபோயின. ருமேனியாவில் கட்டட வேலைக்குப் போயிருந்த அவள் கணவன் ஸாஜித், வேலைத்தலத்துக்குப் போகும் வழியில் வேன் பனியில் சறுக்கிப் புரண்டதில் மௌத்தானான். உடலைக் கொண்டுவர வழி கிடைக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் அங்கேயே ஒரு முஸ்லிம் மையவாடியில் அடக்கிவிட்டு, மண் போட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். கல்யாணம் முடித்து மூன்று வருடம், பிள்ளை இல்லை. இர்ஷானா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல், புருஷனை இழந்தவளுக்குரிய இத்தா இருக்கத் தொடங்கினாள்.

மே மாதம் அவனுடைய சூட்கேஸ் வந்தது. மூன்று காற்சட்டை, ஒரு தொப்பி, பாதி தீர்ந்த பற்பசை, மண்ணிறத்தில் ஒரு தோல் ஜக்கெட். இர்ஷானா ஜக்கெட்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு ஸாஜிதின் தாய் உம்மு குல்தூமும் வந்திருந்தாள். அவளும் அதை வாங்கி, கொலர் நனையும்வரை முத்தமிட்டு அழுதாள். போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அந்த ஊரில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். உடுப்பு, செருப்பு, ஷேவ் எடுக்கும் சாமான் எல்லாம் அவனோடு போய்விடும். பெற்றவளின் வீட்டில் அவனுக்கென்று ஒரு சட்டைகூட மிஞ்சுவதில்லை.

ஒரு மாதம் கழித்து உம்மு குல்தூம் கேட்டாள்.

"மகள், கேக்கிறன் எண்டு கோவிக்காத. அந்த ஜக்கெட்டில ஒரு துண்டு வெட்டி என்ட யாசீன் கிதாபுக்கு ஒரு உறை தச்சித் தாவன். ஒவ்வொரு நாளும் ஓதக்குள்ள கையில கிடக்கும்."

ஒவ்வோர் இரவும் அதைக் கட்டிக்கொண்டுதான் இர்ஷானா படுத்தாள். அதில் கத்தரி வைக்க மனம் வரவில்லை. ஆனாலும் மாமியின் முகத்தைப் பார்த்தபிறகு எப்படி மறுப்பது?

"தச்சித் தாறன் மாமி," என்றாள்.

மறுநாள் காலை ஜன்னலடியில் உட்கார்ந்து, ஜக்கெட்டின் உள்ளே இருந்த துணியைத் தையல் தையலாகப் பிரித்தாள். முதுகுப் பக்கத்தில் தோல் மடிப்பில்லாமல் இருக்கும், அங்கே வெட்டலாம் என்று நினைத்திருந்தாள். துணி விலகியதும் தோலின் உட்பக்கம் வெளிச்சத்தில் தெரிந்தது. மூன்று புள்ளி. பக்கத்தில் மூன்று புள்ளி. அதற்குப் பக்கத்திலும் மூன்று.

கண் பொய் சொல்கிறதாக்கும் என்று மேற்பக்கத்தில் ஒரு மூலையை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தாள். மண்ணிறப் பூச்சு பஞ்சோடு வந்தது. அடியிலும் அதே மும்மூன்று புள்ளிகள்தான்.

அவளுக்கு நவம்பர் மாதத்து அந்தத் தொலைபேசி அழைப்பு ஞாபகம் வந்தது. பழைய உடுப்புகள் விற்கும் சந்தையில் நின்று ஸாஜித் வீடியோ அழைப்பில் வந்திருந்தான். ஜக்கெட்டைக் கமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "நீதானே தோல் தெரிஞ்ச ஆள், பாத்துச் சொல்லு. எடுக்கலாமா?" என்றான். அப்போது அவள் ஒரு கல்யாண வீட்டுக்குப் பன்னிரண்டு பர்ஸ் முடித்துக் கொடுக்கும் அவசரத்தில் இருந்தாள். பர்ஸின் விளிம்பை ஈரம் தொட்டு மரக்கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடையில் விட்டால் ஈரம் காய்ந்து விளிம்பு சொரசொரப்பாகிவிடும். தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாள்.

"மாட்டுத் தோல்தான். எடுங்க."

"உள்ளுக்கப் புரட்டிக் காட்டவா?"

"தேவல்ல, எனக்குத் தெரியாதா?"

ஊருக்கெல்லாம் புரட்டிப் பார் புரட்டிப் பார் என்று தொண்டை கிழியக் கத்தியவள், தன் புருஷன் புரட்டிக் காட்டவா என்று கேட்டபோது வேண்டாம் என்றாள். அந்தக் குளிர்காலம் நாலு மாதமும் அவன் அதைப் போட்டுக்கொண்டுதான் தொழுதான். வேலைத்தலத்தில் காட்போட் மட்டை விரித்து, அந்த ஜக்கெட்டோடு நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூதில் கிடக்கும் ஒரு படத்தை யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். மாமியின் போனைத் திறந்தால் முதலில் வருவது அந்தப் படம்தான்.

தெரியாமல் செய்தவனுக்குக் குற்றமில்லை என்று மத்ரஸாவில் ஓதிய காலத்தில் அவள் கேட்டிருக்கிறாள். ஸாஜித் தெரியாமல் செய்தான், அல்லாஹ் அவனைப் பிடிக்க மாட்டான். ஆனால் தெரிந்திருந்தும் பார்க்காமல் சொன்னவளை? அதை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் தோல் காய்ந்தபடி பட்டால் பாதகமில்லை. ஈரத்தோடு பட்டால் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். ஒரு மாதமாக அதை முகத்தில் வைத்து அழுதிருக்கிறாள். கண்ணீரும் ஈரந்தானே. கிணற்றடிக்குப் போய் முகத்தையும் கையையும் கழுவினாள், தலையணை உறையைக் கழுவினாள். ஒவ்வொரு வாளிக்கும் எண்ணிக்கொண்டே அழுதாள். "என்னகா இப்பிடிக் கழுவுறாய்?" என்று அவளைப் பெற்ற உம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டதற்கு, பசை கொட்டிவிட்டது என்றாள்.

மாமிக்கு இதைச் சொல்லக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தாள். மகனும் போய், மகனுடைய தொழுகையும் போயிற்று என்று எந்த வாயால் சொல்வது? கையிருப்பில் நல்ல மாட்டுத் தோல் இருந்தது. இந்த முறை உட்பக்கத்தை ஐந்தாறு தடவை பார்த்தாள். ஜக்கெட்டின் நிறம் வரும்வரை சாயத்தைத் தண்ணீர் கலந்து கலந்து மெல்லிசாக நாலு பூச்சுப் பூசினாள். அந்த மாதங்களில் வீசும் வறண்ட கச்சான் காற்றுக்கு நிழலிலேயே சுருக்கில் காய்ந்தது. நூலைத் தேன்மெழுகில் இழுத்து, இரண்டு பக்கமும் இரண்டு ஊசி கோத்துத் தைத்தாள். விளிம்பைச் சொரசொரப்பான கடதாசியால் உரசி, ஈரம் தொட்டு, கண்ணாடிபோல் ஆகும்வரை தேய்த்தாள். மூன்று நாள் வேலை. அவள் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒன்றும் செய்ததில்லை. செய்யச் செய்ய அவளுக்குக் கள்ள வேலை செய்வதுபோலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் உம்மு குல்தூம் வந்தாள். உறையை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ட மகன்ட மணம் அப்பிடியே இரிக்கி," என்றாள்.

இர்ஷானா தரையைப் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன்புவரை அந்தத் தோல், அவள் அதை வாங்கிய ஓட்டமாவடிக் கடையின் மணத்தோடு இருந்தது.

"என்ட மனம் எதில ஆறுது தெரியுமா மகள்? அந்தக் குளிருக்குள்ளயும் இதப் போட்டுக்கொண்டு ஒரு வக்து விடாமத் தொழுதிரிக்கான். ராவைக்கு நித்திர வரல்ல எண்டா அந்தப் படத்தத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறன்." பிறகு கொஞ்சம் தயங்கினாள். "மிச்ச ஜக்கெட்ட ஒரு கிழமைக்குத் தாறியா? போத்திக்கொண்டு படுத்திற்று மறுகா கொண்டந்து தாறன். தொழுற இடத்திலயும் கொஞ்சம் விரிச்சி வெக்கிறன்."

இதற்கு ஒரு பொய்யும் இர்ஷானாவுக்கு வாயில் வரவில்லை. மூன்று நாளாகக் கட்டிவைத்தது அத்தனையும் பொலபொலவென்று கொட்டிற்று. மூன்று புள்ளியைச் சொன்னாள். உறை வேறு தோல் என்று சொன்னாள். அவன் கேட்டான், நான் பார்க்காமலே சொன்னேன் என்று சொன்னாள்.

"புரட்டிக் காட்டவா எண்டும் கேட்டாரு மாமி. நாந்தான் தேவல்ல எண்டன்."

உம்மு குல்தூம் மடியிலிருந்த உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெளியே மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போயிற்று. எழுந்து போய்விடுவாள், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்று இர்ஷானா நினைத்தாள். அப்படிப் போனாலும் நியாயந்தான் என்றும் நினைத்தாள்.

"நான் அண்டைக்கு முத்தம் குடுத்தனே," என்றாள் உம்மு குல்தூம் கடைசியாக. "கழுவோணுமென்ன?"

"ஓம் மாமி."

கிணற்றடியில் இர்ஷானா தண்ணீர் வார்க்க, மாமி முகம் கழுவினாள். ஒரு தரம் மண்ணைக் கரைத்துப் பூசி, ஏழும் முடிந்ததும் முந்தானையால் முகத்தையும் கையையும் துடைத்தாள். விரலிடுக்கில்கூட ஈரம் இல்லாமல் துடைத்தாள்.

"எங்க அது?"

இர்ஷானா ஜக்கெட்டைக் கொண்டுவந்தாள். வீட்டுக்குப் பின்னாலுள்ள கோடிக்குள் மதிலோரமாக மண்வெட்டியால் மாமியே குழி வெட்டினாள். மண் மணலாக இருந்ததால் லேசாக வெட்டுப்பட்டது. இர்ஷானா மண்வெட்டியை வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. முழங்கால் ஆழம் போதும், ஆனால் அவள் இடுப்பளவுக்கு வெட்டினாள். பிறகு குந்தியிருந்து, பிரிந்து தொங்கிய உள்துணியை உள்ளே தள்ளி ஒழுங்குபடுத்தி, அதன் கையிரண்டையும் நேராக வைத்து ஜக்கெட்டை மடியில் கிடத்தினாள்.

"மகள்."

"என்ன மாமி?"

"இதப் போட்ட நேரத்தில குளிர் தாங்கினிச்சாமா அவனுக்கு?"

"ஓம் மாமி. நெஞ்சுக்குக் கதகதப்பா இரிக்கி எண்டு சொன்னாரு."

உம்மு குல்தூம் தலையை ஆட்டினாள். ஜக்கெட்டின் சிப்பைக் கீழிருந்து கழுத்துவரை இழுத்து மூடி, கொலரை நிமிர்த்திவிட்டு, அதைக் குழிக்குள் இறக்கினாள்.