பாதம் பார்த்தாச்சு

அந்த மருத்துவமனையின் தொடர்நோய்ப் பிரிவு நோயாளிகளைக் கவனித்ததோ இல்லையோ, கம்ப்யூட்டரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியது. அதில் ஆளுக்கு நாற்பத்திரண்டு கேள்விகள், ஆளுக்கு ஏழு நிமிஷம். எல்லாக் கேள்விக்கும் டிக் விழுந்தால்தான் சீட்டு வரும், சீட்டு வந்தால்தான் மாத்திரை. இத்தனை டிக்கைப் பார்த்தால் சர்க்கரையும் பிரஷரும் மிரண்டுபோய் அடங்கிவிடும் என்று மேலிடத்தில் எந்தப் புண்ணியவானோ நம்பியிருக்கிறார்.

முப்பத்தெட்டாவது கேள்வி, பாதங்களைப் பரிசோதித்தீர்களா என்பது. வயசானவர்கள் குனிந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸை உரித்து, திரும்ப மாட்டி முடிப்பதற்கே எட்டு நிமிஷம் ஆகும். ஏழில் எட்டு எப்படிப் போகும்? அதனால் நர்ஸ் திரையைப் பார்த்தபடியே கால் நல்லாருக்கா என்று கேட்பாள், அவர்களும் நல்லாருக்கு என்பார்கள். டிக். அவள் மட்டுமா, அங்கே எல்லாரும் அப்படித்தான். பாவம், காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கக்கூட நேரமில்லாத பிழைப்பு. இந்த அழகில், சிறந்த பாதப் பராமரிப்புக்கான விருது அந்த வருஷம் இந்தப் பிரிவுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

டிரைவர் என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சேர்த்த சொத்து சர்க்கரை, பிரஷர், கிட்னிக் கோளாறு. தினம் பதினாலு மாத்திரை. முறை தவறாமல் வருவார், ஒரு குறை சொல்ல மாட்டார். சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று யாரோ சொன்னதிலிருந்து வீட்டிலும் சாக்ஸைக் கழற்றாதவர். அன்றைக்கு மட்டும் சீட்டை வாங்கிக்கொண்டு தயங்கி நின்றார். ரெண்டு வாரமாக வீட்டில் எலி செத்த நாற்றம், மனைவி பீரோவை நகர்த்தி, கட்டிலைக் கவிழ்த்துத் தேடியும் எலி அகப்படவில்லை, ஆனால் தான் எந்த அறையில் உட்கார்ந்தாலும் நாற்றம் அங்கே வந்துவிடுகிறது என்று சொல்லிச் சிரித்தார்.

நர்ஸ் சட்டென்று திரையை விட்டு எழுந்து வந்தாள். தரையில் உட்கார்ந்து அவளே ஷூவைக் கழற்றினாள். சாக்ஸ் சதையோடு ஒட்டியிருந்தது. உள்ளங்காலில் ஆழமான புண், ரெண்டு விரல் கறுத்திருந்தது. சர்க்கரை காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டதால் மனுஷனுக்கு வலியே தெரியவில்லை.

சர்ஜனிடம் அனுப்பக் கம்ப்யூட்டரைத் தட்டினாள். புண் எப்போது வந்தது என்று கேட்டது. இன்று வந்தது என்றால் இரண்டு வாரம் கழித்துத் தேதி தரும். பழைய புண், பார்க்கத் தவறியது என்றால் உடனே அனுப்பும், கூடவே தவறியவர் பெயரையும் பதியச் சொல்லும். முந்தைய பதினொரு வருகையிலும் 'பாதம் நன்று' என்றிருந்தது. பதினொன்றிலும் அவள் பெயர்.

அதற்குள் மேனேஜர் ஓடிவந்துவிட்டார். விருதுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது, இன்றைய புண் என்றே போட்டுவிடு, உன் வேலைக்கும் அதுதான் நல்லது என்று காதோடு சொன்னார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் இரண்டு வாரம் போனால் அந்தக் கால் தங்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நான் பாக்கல சார். பதினோரு தடவையும் பாக்கல. அப்படியேதான் போடப்போறேன்" என்றாள்.

போட்டாள். அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. ரெண்டு விரல் போயிற்று, கால் பிழைத்தது. விருது கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன வயிற்றெரிச்சலில் மேனேஜர் அவளுக்கு மெமோ கொடுத்தார். மேலிடத்துப் பெரியவர்கள் கூடி மூன்று நாள் யோசித்து நாற்பத்து மூன்றாவது கேள்வியைச் சேர்த்தார்கள்: சாக்ஸைக் கழற்றிப் பார்த்தீர்களா? நிமிஷம் மட்டும் அதே ஏழுதான்.

நர்ஸ் வார்டுக்குப் போய் டிரைவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க பாக்கலன்னு எனக்குத் தெரியாதாம்மா? முப்பது வருஷம் வண்டிய நேரத்துக்கு எடுத்தவன் நான். என் ஒரு ஷூவுக்காக பின்னாடி நிக்கிறவங்கள்லாம் ஏன் லேட்டாகணும்னுதான், ஒவ்வொரு தடவையும் நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.