வாய்தாவுக்கு வரும் டாக்டர்

தெருமுனை அரசு ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்தது, எடை பார்க்கும் கருவி இருந்தது, ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையும் இருந்தது. டாக்டர்தான் இல்லை. அதனால் அமைதிக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

தையல்காரர் வழக்குப் போட்டது வீரத்தால் அல்ல, வாய்க்கொழுப்பால். கிழிந்த கறுப்பு அங்கியைத் தைக்க வந்த வக்கீலம்மாவிடம், மனைவியின் மூச்சிரைப்பைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பிவிட்டார்.

“உயிர் வாழறது உங்க அடிப்படை உரிமைங்க. அரசியல் சாசனத்துலயே இருக்கு. கேஸ் போடலாம்” என்றார் அந்தம்மா.

“இவ்வளவு நாள் சும்மாவா வாழ்ந்துட்டிருந்தேன்?” என்று கையெழுத்துப் போட்டார் தையல்காரர்.

முதல் வாய்தா அன்று அதிசயமாக டாக்டர் வந்துவிட்டார். ‘இன்றுகூடப் பணியில் இருக்கிறார்’ என்று அரசு வக்கீல் கோர்ட்டில் சொல்ல வேண்டுமே! மறுநாள் ஆளைக் காணோம். அடுத்த வாய்தாவிலும் இதே கூத்து.

தெரு சும்மா இருக்குமா? வியாதிகளை வாய்தாவுக்குத் தள்ளிப்போடப் பழகிக்கொண்டது. மளிகைக்காரர் தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து தையல்காரரிடம் கேட்டார்: “அடுத்த வாய்தா எப்பண்ணே? பல்லு தாங்காது போல.”

“வர்ற திங்கள்.”

“நல்லது. ஆனா ஜெயிச்சுகியிச்சுத் தொலைச்சிடாதீங்கண்ணே. இழுங்க, நல்லா இழுங்க.”

அந்த டாக்டரை ஒருமுறைகூடப் பார்க்காத ஒரே ஆள் தையல்காரர்தான். டாக்டர் இங்கே இருக்கும் நாளெல்லாம் அவர் அங்கே கோர்ட் வராந்தாவில், மெஷினை மிதித்து மிதித்து வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

திங்களன்று வக்கீலம்மாவின் முகமே சரியில்லை. “டாக்டர் வந்தாச்சு, கேஸை முடிங்கன்னு மனு போட்டிருக்காங்க. முடிச்சிட்டா இந்த ஒருநாள் டாக்டரும் போச்சு.”

தையல்காரருக்கு மனைவியின் இரவு இருமல் காதில் கேட்டது. பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

“இன்னைக்கு டாக்டர் வந்தாரா இல்லையா?” என்றார் நீதிபதி.

வரவில்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. காலையில் டாக்டரின் வண்டியைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாரே.

“வந்தாருங்கய்யா” என்றார் அலுப்போடு. “நீங்க என்னைக் கூப்பிடுற நாளெல்லாம் வந்துடுறாரு. தினமும் கூப்பிடுங்க, கடையைச் சாத்திட்டு நான் இங்கயே கிடக்கறேன். தெருவாவது பிழைச்சுப் போகட்டும்.”

சிரித்தவர்களை நீதிபதி ஒரு பார்வை பார்த்தார். பிறகு அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். “போன வாரத்தோட வருகைப் பதிவு எங்கே?”

அரசு வக்கீல் காகிதக் கட்டைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

“சரி. வழக்கு முடியலை. அடுத்த தேதியை இப்ப சொல்ல மாட்டேன். அன்னைக்குக் காலையிலதான் ரெண்டு தரப்புக்கும் தெரியும். எந்த நாளா வேணும்னாலும் இருக்கலாம்.”

சாயங்காலம் விஷயம் தெருவுக்குப் புரியவே நேரம் பிடித்தது. மளிகைக்காரருக்குப் பெரிய ஏமாற்றம். தையல்காரரின் மனைவி கதவில் சாய்ந்து மூச்சு வாங்கியபடி கேட்டாள்:

“தேதியே இல்லைன்னா நாங்க என்னைக்குத்தாங்க சீக்காளியா இருக்கறது?”

“உனக்கு எப்ப முடியலையோ அப்ப இரு, தாயே” என்றார் தையல்காரர். பிறகு நாளைக்கே கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று, வீங்கிய காலை நீட்டி வைத்துக்கொண்டு, இருக்கும் ஒரே நல்ல சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.