ஒரே தூரிகை

மார்ச் 11, செவ்வாய்

நேற்று இந்த நோட்டில் ‘செடிகளுக்கு உரம் கூடிவிட்டது’ என்று எழுதியது தவறு. உரம் இல்லை, பேன். கண்ணுக்கே தெரியாத ஒரு வகைப் பேன். ஆப்பிரிக்கன் வயலட் பூச்செடியின் நடுக்குருத்தில் புகுந்துகொள்ளும். குருத்து இறுகிச் சுருண்டு, நரைத்துவிடும். என் கைவைத்தியத்துக்கெல்லாம் அது அடங்காது.

நான் எதையும் வரிசையாகச் செய்கிறவள். வயலட் இலை முழுக்கப் பூனைமயிர் போல ரோமம் இருக்கும், தூசி ஒட்டும். அதனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுவேன். ஜன்னலில் தொடங்கி அலமாரியின் கடைசி வரை. இப்போது செடிகள் அதே வரிசையில் சாகின்றன.

முதலில் ஜன்னல் செடி. மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும், பல் கிளினிக்கில் வேலை செய்யும் அக்கா கொடுத்தது. புதுச்செடி என்று அதைத் தள்ளித்தான் வைத்தேன். தூரிகையைத் தள்ளி வைக்கத் தோன்றவில்லை. முட்டாள்.

கடைசியில் நிற்பது நானே மகரந்தம் சேர்த்து, விதை போட்டு வளர்த்தது. எந்தக் கடையிலும் கிடைக்காத செடி. முதல் மொட்டு வந்திருக்கிறது, நிறம் இன்னும் தெரியவில்லை. இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதன் குருத்தும் சுருண்டிருக்கிறது.

வகுப்புக்குப் போய்ப் படியிலேயே அக்காவை மறித்தேன்.

“அக்கா, நீங்க குடுத்த செடில பேன் இருந்துச்சு.”

“ஐயோ, அதுக்குள்ள பரவிடுச்சா?”

“அதுக்குள்ளயா? அப்ப தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?”

“மத்ததெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்மா. அது ஒண்ணை மட்டும் குப்பையில போட மனசு வரல. உன் கை ராசியான கை, நீ தேத்திடுவேன்னு நினைச்சேன்.”

“சீக்குப் புள்ளைய அடுத்த வீட்டுத் தொட்டில்ல போடுவீங்களா? ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?”

“ஒரு செடிக்குப் போய் இப்படிக் கத்துறியே!”

“ஒரு செடியா? அலமாரி முழுக்கப் போச்சு!”

வாத்தியார் மேலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடம் ஒன்றும் ஏறவில்லை. கை ராசியாம்! அவருக்கு மனசு வரவில்லை, அதற்கு என் செடிகள் சாக வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் அண்ணன்.

“என்ன டாக்டரம்மா, வார்டுல இன்னிக்கு எத்தனை பேர் காலி?”

“வாயை மூடுடா.”

“கோவிச்சுக்காத. அந்தக் கடைசிச் செடியோட இலை ஒண்ணை அந்த அக்காவுக்குக் குடுத்தியே, அது என்னாச்சு?”

ஆமாம். ஜன்னல் செடியை வாங்கிய அன்று பதிலுக்கு ஓர் இலை கிள்ளிக் கொடுத்தேன்; வயலட் இலையை நட்டாலே குட்டிச்செடி முளைக்கும். தூரிகை படுவதற்கு முந்தின இலை. அக்கா அதைப் பேன் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேரே கிளினிக் ஜன்னல் தொட்டியில் நட்டுவிட்டார். போன வாரம்கூட, “உன் இலை குட்டி போட்டிருக்குடி” என்று பெருமையடித்தார். பற்றிக்கொண்டு வருகிறது. என் செடி உயிரோடு இருக்கும் ஒரே இடம் அவர் ஜன்னல்.

நாளை: விடிந்ததும் எல்லாச் செடிகளையும், மொட்டுச் செடி உட்பட, பையில் கட்டிப் போட வேண்டும். தூரிகையும் அதே பையில். அலமாரியை பிளீச்சிங் தண்ணீரால் துடைக்க வேண்டும். மாலையில் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு குட்டி கேட்க வேண்டும். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பதாக இல்லை.